படகுக்கு வைத்த மழைக்கண்

இது அறுபத்தொன்றாம் வருஷம் தையில் நடந்ததா, மாசியில் நடந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல வராது. அன்றைக்கு டீக்கிளாஸ் யார் முன்னால் முதலில் வைக்கப்பட்டது என்பது துல்லியமாக நினைவிருக்கிறது. கோடைரோடு ஸ்டேஷனில் பூக்கூடையோடு நின்ற பெண் சொன்ன கேலியும் நினைவிருக்கிறது. ஆனால் பொம்மையனின் கை அந்த ஐந்தாவது துளையைப் பழக்கத்தில் போட்டதா, தெரிந்தே போட்டதா என்பதுதான் நிச்சயமில்லை. அவனே ஒரு தடவை சொன்னதுபோல மறுதடவை சொன்னதில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கலாம். எங்காவது தப்பியிருந்தால் அது நினைவின் குற்றம்.

திண்டுக்கல்லில் காத்தமுத்துவின் பூட்டுப் பட்டறையில் பதினான்கு வருஷமாக வேலை பார்த்தவன் பொம்மையன். பட்டறைக் கதவில் தொங்கிய பூட்டு அவன் கையால் செய்தது. அதற்கு ஒரே சாவி. அது ஒன்பது வருஷமாக அவன் அரைஞாண்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவன் வந்து திறந்தால்தான் மற்ற எட்டுப் பேரும் உள்ளே போக முடியும். அவர்கள் வாசலில் காத்து நிற்பதைத் தெருமுனையிலிருந்தே பார்த்துக்கொண்டு, நடையைக் கூட்டாமல் குறைக்காமல் வருவது அவனுக்குப் பிடிக்கும். குளிக்கும்போது அந்தச் சாவி ஈரத்தோடு தொடையில் வந்து இடிக்கும். அந்த இடி போதும் அவனுக்கு. ஊரில் தனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பதை அது தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போகும்.

அருளப்பன் வந்து சேர்ந்தது முந்தின வருஷம் ஆடியில். சொந்த ஊர் திண்டுக்கல்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் படகு, மோட்டார் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். பொம்மையனைவிட ஆறேழு வயது இளையவன். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான். பொம்மையனும் பேசாதவன்தான். ஆனால் பொம்மையன் பேசாமலிருந்தால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். அருளப்பன் பேசாமலிருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதில் கூட ஒருவனுக்கு இத்தனை ராசி இருக்குமா என்று பொம்மையன் அரத்தைத் தேய்த்தபடியே யோசிப்பான்.

டீ விஷயம் புரட்டாசியில் தொடங்கியது. எதிர்க் கடைக்காரர் சேக் பரீது தினமும் பதினோரு மணிக்குக் கம்பி வளையத்தில் ஒன்பது கிளாஸ்களைச் செருகிக்கொண்டு வருவார். முதல் கிளாஸ் பொம்மையனின் வேலைப்பலகையில் வைப்பது வழக்கம். யாரும் வகுத்த வழக்கமில்லை, அவன் பலகை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் பரீது அவனைத் தாண்டிப் போய், மூலையில் இருந்த அருளப்பனுக்கு முதல் கிளாஸை வைத்தார்.

"என்ன பாய், வழி மாறிருச்சா?" என்றான் பொம்மையன்.

"இல்லப்பு. அருளப்பன் நம்ம வீட்டு ஸ்டவ்வ சரிபண்ணிக் குடுத்தாப்ல. சும்மா குடுத்தாப்ல. சூடா ஒரு டீயாச்சும் குடிக்கட்டும்னுதான்."

அதற்குப் பிறகு எத்தனை நாள் முதல் கிளாஸ் மூலைக்குப் போனது, எத்தனை நாள் வாசலில் நின்றது என்று பொம்மையன் மனத்துக்குள் கணக்கு வைத்துக்கொண்டான். வெட்கமாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கண்ணாடிக் கிளாஸ் போகும் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் பதினொன்றாகும்போது கண் தானாக வாசலுக்குப் போய்விடும்.

தையோ மாசியோ, ஒரு வியாழனுக்குப் பத்து நாள் முன்னால், நத்தத்துப் பொன்னுத்துரை ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் மாந்தோப்பு இருந்தது. மாம்பிஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. தூத்துக்குடியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, அதைக் கொடைக்கானல் ஏரியில் விடுவதற்கு ரயிலில் ஏற்றிக் கோடைரோடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அங்கே கூட்ஸ் ஷெட் ஓரத்தில் தண்டவாளக் கட்டைகளின் மேல் அது உட்கார்ந்திருந்தது. மலையேற லாரி பிடிப்பதற்கு முன்னால் அதன் வயிற்றிலிருந்த ஒரு சாமான் கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் சாக்குப்பையில் இருந்தது.

காத்தமுத்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சார் இது? ஆட்டுக்கல் குழவிக்கு மூக்கு வச்ச மாதிரியில்ல இருக்கு."

"வால்வு. படகோட அடியில ஒரு ஓட்டை இருக்கும். அதுக்கு மேல இது உக்காரும்."

"நல்ல படகுல எதுக்கு சார் ஓட்டை?"

"உள்ள கழுவுற தண்ணி வெளிய போக வேணாமா? கைப்பிடி குழாய்க்கு நேரா நின்னா தொறந்திருக்கு. குறுக்க நின்னா மூடியிருக்கு. இது கைவிட்டுச்சுன்னா யாரும் படகத் தொடவே வேணாம். கரையில கட்டிப்போட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்தா, தன்னால முங்கிக் கிடக்கும்."

கூம்பு வடிவத்தில் ஒரு பித்தளைக் கட்டை, அது பொருந்தும் கூடு, அடியில் வட்டமான தகடு. கட்டை கூட்டுக்குள் இறுகிப்போய் ஒரு பக்கம் கீறல் விழுந்திருந்தது, கூட்டில் வெடிப்பு. பொம்மையனுக்குப் பார்த்த உடனே புரிந்தது. இது பூட்டுதான், தண்ணீருக்குப் போடும் பூட்டு. புதிதாக வார்த்து, கட்டையையும் கூட்டையும் முடி நுழையாமல் இழைத்துச் சேர்க்க வேண்டும். இந்தப் பட்டறையில் அதற்குத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டே கையை நீட்டினான்.

காத்தமுத்து அவன் கையைப் பார்க்கவில்லை. "அருளப்பா, இங்க வா. கடல் பாத்த கை ஒன்னுதுதான். புடி இத."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், பொம்மையன் பலகையில் கிடந்த அரத்தை எடுத்துக்கொண்டான், அதற்காகத்தான் நீட்டியதுபோல.

வார்ப்பு மூன்று நாளில் முடிந்தது. பிறகு இழைப்பு. அருளப்பன் தேய்த்து இழைக்க உதவும் எமரித்தூளைக் கடலை எண்ணெயில் குழைத்துக் கட்டையில் பூசிக் கூட்டுக்குள் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால் என்று திருப்பிக்கொண்டேயிருப்பான். பிறகு துடைத்துவிட்டு, விளக்குக் கரியை மெல்லிசாகப் பூசி, ஒருமுறை செருகி எடுப்பான். கரி அழிந்த இடம் உரசுகிற இடம், அழியாத இடம் இன்னும் தொடாத இடம். மறுபடி எமரி, மறுபடி எண்ணெய். அந்தச் சத்தம் நாள் முழுக்க மூலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதல் நாள் கரகரவென்று இருந்தது, மூன்றாம் நாள் யாரோ மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. அது எவ்வளவு சுத்தமான வேலை என்று அந்தப் பட்டறையிலேயே நன்றாகத் தெரிந்தது பொம்மையனுக்குத்தான். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். ஒருவனுடைய வேலை நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் காது தனக்கு வாய்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது அவனுக்கு.

அந்த வியாழக்கிழமை பொம்மையனின் மனைவி பேச்சாயி சோத்துத்தூக்கைக் கொஞ்சம் முன்னதாகவே கொண்டுவந்தாள். புருஷன் பலகையில் தூக்கை வைத்துவிட்டு, மூலைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இதுதானா தம்பி அந்தப் படகுச் சாமான்? ஒங்க வீட்டு லூர்தம்மா தண்ணிக் குழாயடியில அதப் பத்தித்தான் ஒரே பேச்சு."

"ஆமக்கா. ஒங்க வீட்டுக்காரரு கண்ணுக்குத்தான் பயந்து பயந்து செய்யுறேன்."

"அவருகிட்ட என்ன பயம்? கடலப் பத்திச் சொல்லுங்க. மெய்யாவே அக்கரை தெரியாதா?"

"தெரியாதுக்கா. நம்ம மலைக்கோட்டையத் தூக்கி உள்ள போட்டாலும் அதுபாட்டுக்குச் சும்மா கெடக்கும்."

பேச்சாயி சிரித்தாள். வாயை முந்தானையால் மூடாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பொம்மையன் தூக்குமூடியைப் பிடித்தபடி நினைத்துப் பார்த்தான். அதில் தப்பாக எதுவுமில்லை. தப்பாக இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

"வெஞ்சனம் என்ன?" என்று கேட்டான்.

"கத்திரிக்கா. தெறந்து பாத்தா தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அருளப்பன் கூட்டை எடுத்துக்கொண்டு பொம்மையனிடம் வந்தான். கட்டை தனியாக மூலையிலேயே இருந்தது. "அண்ணே, அடித்தகட்டுல போல்ட்டுக்கு நாலு துளை போடணும். கோணாம போட ஒங்க கைதான் வேணும். எனக்கு அம்புட்டு நேராப் போகாது."

அவன் சொன்னது உண்மை. கை டிரில்லைப் பிடித்தால் பொம்மையனின் துளை நூல் பிடித்ததுபோல நிற்கும். ஆனால் பொம்மையன் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. பெரிய வேலை முடிந்துவிட்டது, சில்லறை வேலைக்கு நீ.

"வச்சுட்டுப் போ" என்றான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் பூட்டு தோட்டக் கதவிலும் மாட்டுக்கொட்டகையிலும் வெட்டவெளியில் தொங்கும். மழை பெய்தால் சாவித்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கித் துருவேறிவிடும். அதனால் காத்தமுத்துவின் பட்டறையில் எந்தப் பூட்டை முடித்தாலும், அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டுவிடுவார்கள், உள்ளே புகுந்த தண்ணீர் வடிந்துபோக. அதை மழைக்கண் என்பார்கள். பதினான்கு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பூட்டுகளுக்கு மழைக்கண் வைத்த கை பொம்மையனுடையது. பெரிய துளைகள் முடிந்ததும் சாமானைத் திருப்பி, சின்ன முனையை மாட்டி, அடியில் ஓர் அழுத்து. பீடி பற்றவைப்பதுபோல அதற்கு யோசனை தேவையில்லை.

பொம்மையன் நாலு துளைகளையும் போட்டான். அப்போது சேக் பரீது டீ கொண்டுவந்தார். அன்று ஏனோ மூன்று மணிக்கும் ஒரு நடை வந்தார். நேரே மூலைக்குப் போய் முதல் கிளாஸை வைத்து, ஏதோ சொல்ல, அருளப்பன் சிரித்தான். பொம்மையன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை வேலையில் இருந்தது. குனிந்தபோது, வேட்டி மடிப்பில் தலைமுடிபோல ஒரு பித்தளைச் சுருள் கிடந்தது. கூட்டின் அடிப்புறச் சுவரில், கட்டை உட்காரும் இடத்துக்குக் கீழே, கடுகளவுக்கு ஐந்தாவது துளை இருந்தது.

வால்வை எவ்வளவு இறுக மூடினாலும் அந்தத் துளை வழியாக ஏரித் தண்ணீர் படகுக்குள் வந்துகொண்டேயிருக்கும். அவனுக்கு அது அந்தக் கணமே புரிந்தது. டீ ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு கூட்டைத் துடைத்து, துளை கீழே இருக்கும்படி அருளப்பனின் பலகையில் கொண்டுபோய் வைத்தான்.

"ஆச்சாண்ணே?"

"ஆச்சு."

டீயைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தான். டீயைக் குடித்தான். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தான். எல்லோரும் போனார்கள், அருளப்பனும் போனான், பூட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியபோது இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் கூடு அதே பலகையில், வைத்தது வைத்தபடி இருந்தது. ஏழெட்டு அடி தூரம்தான். நடுவில் நாலு தடவை எழுந்தான். ஒரு தடவை தண்ணீர் குடித்தான், ஒரு தடவை வெளியே போய் வந்தான், மற்ற இரண்டு தடவையும் நின்றுவிட்டு உட்கார்ந்தான். பழக்கத்தில் போட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்புவார்களா? வேறொருவன் அப்படிச் சொல்லியிருந்தால் பொம்மையனே நம்பியிருக்கமாட்டான்.

சனிக்கிழமை காத்தமுத்து எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்: "சித்திரையில நத்தம் ரோட்டுல புதுக் கொட்டகை போடுறேன். நான் அங்கதான் இருப்பேன். இந்தப் பட்டறைக்கு ஒரு மேஸ்திரி வேணும். படகு வேலை நல்லபடியா முடியட்டும், சாவி யாருகிட்ட இருக்கணும்னு அப்பச் சொல்லுறேன்."

அவர் பார்வை மூலைப் பக்கம் ஒருமுறை போய்வந்தது. பொம்மையனின் கை இடுப்புக்குப் போனது.

அன்று சாயங்காலம் அருளப்பன் கட்டையையும் கூட்டையும் ஒரு பழைய துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனான், கைக்குழந்தையை எடுத்துப் போவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. பொம்மையன் பின்னாலிருந்து பார்த்தான். கொண்டு போ, உன் கூட்டுக்குள் என் கண் இருக்கிறது என்று நினைத்தான். அப்படி நினைத்ததை மட்டும் அவன் பின்னால் மறுத்ததேயில்லை.

திங்கட்கிழமை காலைப் பாசஞ்சரில் காத்தமுத்து, அருளப்பன், பொம்மையன் மூவரும் கோடைரோடு போனார்கள். போல்ட்டு முடுக்க ஓர் ஆள் வேண்டுமென்று பொம்மையனைக் கூட்டிப் போனது காத்தமுத்துதான். துண்டில் சுற்றிய வால்வு பொம்மையனின் மடியில் இருந்ததுபோல அவனுக்குக் கனத்தது. ஆனால் அது அருளப்பனின் மடியில்தான் இருந்தது.

கூட்ஸ் ஷெட் ஓரத்தில் படகு, கரையேறிய முதலைபோல வெயிலில் கிடந்தது. அதைச் சுற்றி இருபது முப்பது பேர். மதுரைக்குப் போகப் பூக்கூடையோடு வந்த பெண்கள், சுமைக்காரர்கள், வேலையில்லாதவர்கள். அருளப்பன் உள்ளே இறங்கி, கட்டையைச் செருகிய வால்வை, நீர் கசியாமலிருக்கச் சிவப்பு ஈயப் பசையும் சணலும் வைத்து உட்கார வைத்தான். பொம்மையன் கீழே மல்லாந்து படுத்துப் போல்ட்டுகளை முடுக்கினான். நடுவில் பலகை மட்டும்தான். மேலே அருளப்பன் மூச்சு விடுவது கேட்டது. இப்போது சொன்னாலும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நாலாவது போல்ட்டையும் முடுக்கிவிட்டான்.

சோதித்துப் பார்க்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் படகு மிதக்கும் தண்ணீர் ஏது? பொன்னுத்துரை அதற்கும் வழி வைத்திருந்தார். ரயில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் பெரிய குழாயிலிருந்து படகு வரைக்கும் கித்தான் குழாய் ஒன்றை இழுத்திருந்தார். படகைத் தண்ணீரில் வைக்க முடியாதென்றால் தண்ணீரைப் படகில் வைக்க வேண்டியதுதான். உள்ளேயிருந்து ஒழுகினால் வெளியேயிருந்தும் ஒழுகும்.

தண்ணீர் பாயத் தொடங்கியதும், கூடையை இடுப்பில் இடுக்கியிருந்த ஜக்கம்மாள் என்ற பூக்காரி சத்தமாகச் சொன்னாள்: "படகுன்னா தண்ணிக்குள்ள விடுவாகன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவுக படகுக்குள்ள தண்ணிய விடுறாக. அடுத்து மீனையும் வாங்கி விடுங்க சாமி, வாரப்ப கொழம்புக்கு ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுத்துரையும் சிரித்தார். வால்வு முழுகி, அதற்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதும் குழாயை நிறுத்தினார்கள். அருளப்பன் கைப்பிடியைக் குறுக்கே திருப்பி மூடிவிட்டு ஏறிவந்தான். எல்லோரும் குனிந்து படகின் அடியைப் பார்த்தார்கள்.

அடியிலிருந்த ஓட்டையின் வாயில் கொஞ்சம் ஈரம் இருந்தது. பொம்மையன் அதையே பார்த்தான். முதல் சொட்டு விழ வேண்டும். பிறகு இன்னொன்று. காத்தமுத்து முகம் சுருங்கும். அருளப்பன் வாயடைத்து நிற்பான். பேச்சாயிக்கு இந்தக் கதை குழாயடியில் தெரியவரும். சொட்டு விழவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. மதுரைப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி நிற்காமல் போனது. ஓட்டையின் வாயிலிருந்த ஈரமும் வெயிலில் காய்ந்துபோயிற்று.

"சுத்தமா நிக்குது" என்றார் பொன்னுத்துரை.

காத்தமுத்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோஷம். "நல்ல வேலைடா அருளப்பா. பொம்மையா, அந்தச் சாவியக் குடு. எல்லாரும் இருக்கையிலயே செஞ்சிருவோம்."

பொம்மையன் கை அரைஞாணுக்குப் போகவில்லை. வாய்தான் திறந்தது.

"செத்த நேரம் பொறுங்க மொதலாளி. இவன் வேலைய நம்பாதீக. கூட்டுக்கு அடியில மழைக்கண்ணு இருக்கு. கட்டாயம் ஒழுகும்."

பொன்னுத்துரைதான் முதலில் அசைந்தார். வேட்டியை மடித்துக் கட்டிப் படகுக்குள் இறங்கி, தண்ணீருக்குள் கைவிட்டு வால்வைத் தடவினார். அவர் விரல்கள் மெதுவாகச் சுற்றிவருவது மேலேயிருந்து தெரிந்தது.

"ஓட்டை ஒன்னும் இல்லையே. சின்னதா ஒரு திருகு இருக்கு. இழைச்சு வச்சிருக்கு, கையில தட்டவே மாட்டேங்குது." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "அட, வடிகால் திருகு! குளிர் தேசத்துப் படகுல இத வைப்பாங்க. பனிக்காலத்துல உள்ள நிக்கிற தண்ணி உறைஞ்சு கூட்ட வெடிக்க வச்சிரும். திருகக் கழட்டி வடிச்சு விட்டாப் போதும். மேல கொடைக்கானல்லயும் மார்கழியில உறையத்தான் செய்யும், எனக்கே தோணல. யாரு யோசனை இது?"

அருளப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அண்ணன் போட்ட துளைதான் சார். நான் திருகு மட்டுந்தான் வச்சேன்."

"பலே!" என்று பொன்னுத்துரை பொம்மையனைப் பார்த்துக் கும்பிட்டார். கூட்டத்தில் நாலு பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காத்தமுத்து சிரிக்கவில்லை. அவரும் மழைக்கண் வைத்து வளர்ந்தவர்தான். பொம்மையனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "கட்டாயம் ஒழுகும்னு சொன்னியே?" என்று மெதுவாகக் கேட்டார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "ஒழுகும்னு தெரிஞ்சேதான் முடுக்குனியா?"

பொம்மையன் கையிலிருந்த ஸ்பானரைத் தண்டவாளக் கட்டையின் மேல் வைத்தான்.

"சாவியக் கழட்டு."

கழற்றினான். ஒன்பது வருஷத்து முடிச்சு, அவிழ நேரமாயிற்று. காத்தமுத்து அதை வாங்கி அருளப்பனிடம் நீட்டினார்.

அருளப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எனக்கு வேணாம் மொதலாளி. காலையில பூசைக்குப் போயிட்டு நான் வர நேரமாகும். அதுவுமில்லாம அது அண்ணன் செஞ்ச பூட்டு. அவருகிட்டயே இருக்கட்டும்."

"ஏலே, நான் குடுக்குறேன். வாங்கிக்க."

"எனக்கு வேற எங்கயாச்சும் வேலை குடுங்க. புதுக் கொட்டகைக்கு வாரேன். இது வேணாம்."

காத்தமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியைப் பொம்மையனின் உள்ளங்கையில் போட்டார். கொடுக்கவில்லை, போட்டார்.

திரும்பும்போது காத்தமுத்து வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். பொம்மையனும் அருளப்பனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சோளத்தட்டை அறுத்த காடுகள் போயின. அம்பாத்துரையில் வண்டி நின்று கிளம்பியது.

"எப்பப் பாத்த?" என்றான் பொம்மையன்.

"அன்னைக்கே, நீங்க டீ குடிக்கையில. கட்டையப் போட்டு மூடி, கூட்டுல மண்ணெண்ணெய் ஊத்திப் பாத்தேன். பலகையில சொட்டுச்சு."

"சொல்ல வேண்டியதுதானே?"

அருளப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "நீங்க சொல்லுவீகன்னு இருந்தேண்ணே. பழையபடியே வச்சுட்டு, ரெண்டு நாளு அத அசைக்கவே இல்ல. வெள்ளிக்கிழமை நாலு தரம் எந்திரிச்சீகளே, அப்பக்கூட இந்தா வாராருன்னுதான் நெனச்சேன்."

தான் அவனைக் கண்ணில் வைத்திருந்ததுபோல அவனும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், ஆனால் வேறு ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்து பார்த்திருக்கிறான் என்பது பொம்மையனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க அது சரியான நேரம். அவனுக்கும் அது தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் அவன் நெஞ்சில் எழுந்தது பழைய பொறாமைதான், முன்னைவிடக் கூர்மையாக. இவனுக்கு நல்ல கை இருக்கிறது, நல்ல வாய் இருக்கிறது, இப்போது இதுவும் இருக்கிறது. இனி இவனைவிடத் தான் எதில் பெரியவன் என்று காட்டுவது? வண்டி திண்டுக்கல் வந்து நின்றது. இருவரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

மறுநாள் காலை பொம்மையன் பட்டறையைத் திறந்தான். ஏழு பேர் வாசலில் நின்றார்கள். அருளப்பன் பூசை முடிந்து கடைசியில் வந்தான். பதினோரு மணிக்குச் சேக் பரீது முதல் கிளாஸை வாசல் பலகையில் வைத்தார். ஏன் வைத்தார் என்று தெரியாது, மூலையில் யாரோ நின்றிருக்கலாம். பொம்மையன் அந்த டீயைக் குடிக்கவில்லை.

படகு மலையேறி மூன்று வருஷம் ஏரியில் ஓடியது. ஒருநாளும் முங்கவில்லை. பொன்னுத்துரை அறுபத்துநாலில் நத்தத்தில் இறந்தார், படகைப் பிள்ளைகள் மரவிலைக்கு விற்றார்கள். அருளப்பன் சித்திரையிலேயே நத்தம் ரோட்டுக் கொட்டகைக்கு மேஸ்திரியாகப் போனான். காத்தமுத்து அறுபத்தாறில் இறந்த பிறகு அதை அவனே எடுத்து நடத்தினான். லூர்தம்மாளுக்கும் அவனுக்கும் இரண்டு பெண்கள், மூத்தவள் நர்ஸ் வேலைக்குப் போனாள். சேக் பரீதின் டீக்கடை அதே இடத்தில் இருந்தது. பேச்சாயிக்கு நடந்தது கடைசிவரை தெரியாது, படகுக்குத் திருகு வைக்க யோசனை சொன்னவன் தன் புருஷன் என்று குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் திருத்தவில்லை. பொம்மையன் அறுபத்தொன்பது வரை அதே பட்டறையில் வேலை பார்த்தான், சாவி அவனிடமே இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பூட்டுக்கும் அவன் மழைக்கண் வைக்கவில்லை. அதைப் பக்கத்துப் பலகைக்காரனிடம் கொடுத்துவிடுவான்.